டி.ஓ. என்றால் யார்? கொம்லெக்ஸ் பரீட்சையும் அதற்கான ஆயத்தமும்

என் தங்கச்சியின் மகள் அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் போன நாள் தொட்டு எங்கட ஊரில் நான் பதில் சொல்லிக் களைத்துப்போன கேள்வி ஒன்று உண்டு. “டி.ஓ. என்டா என்ன சேர்? எம்.டி. எண்டுதானே டொக்டர்மாருக்குப் போடுற?” கலியாணப் பேச்சோடு வந்த பெரியவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், “பிள்ளை முறிவு வைத்தியமா படிக்குது?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. ஒஸ்டியோபதி என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமாகவே படும். கிரேக்க மொழியில் ‘ஒஸ்டியோன்’ என்றால் எலும்பு, ‘பாதோஸ்’ என்றால் துன்பம் அல்லது நோய். பெயரை வைத்துப் பார்த்தால் எலும்பு வைத்தியம்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறும், இலகுவில் கடக்க முடியாத பரீட்சை வரிசையொன்றும் இருக்கின்றன.

நான் மருத்துவம் படித்தவனல்லன். தமிழ் சிறப்புப் பட்டதாரி, உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன். மருமகள் பரீட்சைக்கு ஆயத்தமான காலத்தில் வட்ஸ்அப்பில் அவளோடு பேசியும், அவள் அனுப்பியவற்றை வாசித்தும், தேடிப் படித்தும் விளங்கிக் கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டு மருத்துவக் கல்விக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் நம்மிடையே பெருகி வருவதால் இது பயன்படும் என நம்புகிறேன்.

தோற்றம்

ஒஸ்டியோபதியைத் தொடக்கி வைத்தவர் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828இல் வேர்ஜீனியாவில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படையோடு மருத்துவப் பணியாற்றியவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைப் பறித்துக் கொண்டது. அக்கால வைத்தியம் என்பது இரசம் கலந்த மருந்து கொடுப்பதும் இரத்தம் வடிப்பதும்தான். வைத்தியராக இருந்தும் சொந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத தகப்பன், தான் கற்ற வைத்தியத்தின் மீதே நம்பிக்கை இழந்தார். உடலின் கட்டமைப்பைச் சீராக்கினால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக் கொள்ளும் என்ற கருத்தை அவர் 1874இல் வெளியிட்டார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் முதற் கல்லூரியைத் திறந்தார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள்.

ஸ்டில் மருந்தை வெறுத்தார். அவரது கல்லூரிகள் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைக் கடுமையாக விமர்சித்தபோது ஒஸ்டியோபதிக் கல்லூரிகளையும் விட்டுவைக்கவில்லை. காலப்போக்கில் அக்கல்லூரிகள் மருந்தியல், சத்திரசிகிச்சை, நுண்ணுயிரியல் அனைத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக் கொண்டன. இன்று எம்.டி. கல்லூரியில் படிப்பிக்கும் யாவும் டி.ஓ. கல்லூரியிலும் படிப்பிக்கப்படுகின்றன. அதற்கு மேலதிகமாக, கையால் தொட்டு நோயறிந்து கையாலேயே சிகிச்சை செய்யும் முறையை ஏறத்தாழ 200 மணித்தியாலங்கள் கற்க வேண்டும்.

சட்ட அங்கீகாரம் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1896இல் வெர்மொன்ட் மாநிலம் முதலாவதாக ஏற்றது. கலிபோர்னியாவில் 1962இல் ஒரு விசித்திரம் நடந்தது. அங்கிருந்த டி.ஓ. வைத்தியர்கள் 65 டொலர் கட்டி எம்.டி. என்று தங்கள் பட்டத்தை மாற்றிக் கொள்ளலாம் என்றார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாற்றிக் கொண்டார்கள். புதிய டி.ஓ.க்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும் நிறுத்தப்பட்டது. 1974இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மீண்டும் தொடங்கியது. 65 டொலரில் ஒரு பட்டம் இன்னொரு பட்டமாக மாறுமென்றால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1973இல் மிசிசிப்பி முழு உரிமை கொடுத்ததோடு எல்லா மாநிலங்களிலும் டி.ஓ. ஒருவர் முழுமையான வைத்தியர் ஆனார். டொனால்ட் ட்ரம்பின் முதற் பதவிக்காலத்தில் வெள்ளை மாளிகை வைத்தியராக இருந்த ஷோன் கொன்லியும், ஜோ பைடனின் வைத்தியர் கெவின் ஓ’கொனரும் டி.ஓ. பட்டம் பெற்றவர்கள். இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிப்போரில் நால்வருக்கு ஒருவர் ஒஸ்டியோபதிக் கல்லூரியில் இருக்கிறார்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் ‘ஒஸ்டியோபத்’ என அழைக்கப்படுபவர் வேறு. அவர் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட, கையால் சிகிச்சை செய்பவர். மருந்து எழுதவோ சத்திரசிகிச்சை செய்யவோ உரிமையுள்ள வைத்தியர் அல்லர். ஒரே பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு தொழில்களைக் குறிக்கிறது. ஊரில் ஏற்படும் குழப்பத்தில் பாதி இதனால் வருவது.

மூன்று கட்டங்கள்

டி.ஓ. மாணவருக்குரிய அனுமதிப்பத்திரப் பரீட்சையின் பெயர் கொம்லெக்ஸ். 1934இல் அமைக்கப்பட்ட ஒஸ்டியோபதி மருத்துவப் பரீட்சகர்களின் தேசிய சபை அதை நடத்துகிறது. எம்.டி. மாணவருக்குரியது யூ.எஸ்.எம்.எல்.ஈ.

கொம்லெக்ஸ் மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலாவது, பெரும்பாலும் இரண்டாம் வருட முடிவில் வரும். உடலமைப்பியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல், நோயியல், மருந்தியல் முதலிய அடிப்படைகள் அதில் சோதிக்கப்படும். இரண்டாவது, வைத்தியசாலைப் பயிற்சிக் காலத்தில் எழுதுவது. நோயாளியை எப்படிக் கவனிப்பது என்பது பற்றியது. மூன்றாவது, பட்டம் பெற்று வதிவிடப் பயிற்சியில் இருக்கும்போது எழுதுவது.

இரண்டாம் கட்டத்துக்கு முன்னர் ஒரு செய்முறைப் பகுதியும் இருந்தது. பிலடெல்பியாவுக்கு அருகிலும் சிக்காகோவிலும் இருந்த இரண்டு நிலையங்களுக்கு நாடெங்குமுள்ள மாணவர்கள் போய், நோயாளிபோல் நடிக்கப் பயிற்றப்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டும். கொரோனாவோடு அது இடைநிறுத்தப்பட்டு, 2022இல் முற்றாகக் கைவிடப்பட்டது. இப்போது மாணவரின் கைத்திறனைக் கல்லூரியே சோதித்து உறுதிப்படுத்த வேண்டும்.

அதே 2022இல் இன்னொரு மாற்றமும் வந்தது. முதற் கட்டத்தில் புள்ளி அறிவிப்பது நிறுத்தப்பட்டு, சித்தி அல்லது சித்தியின்மை என்ற முடிவு மாத்திரமே தரப்படுகிறது. அழுத்தம் குறையும் என்றார்கள். மருமகள் சொன்னது வேறு: “குறையல்ல மாமா, இடம் மாறிட்டு. இப்ப எல்லாரும் ரெண்டாம் கட்டப் புள்ளியத்தான் பாக்குறாங்க.” நல்ல வதிவிடப் பயிற்சி இடங்களுக்குப் போட்டி இருக்கும்வரை, எங்காவது ஒரு புள்ளி தேவைப்படத்தான் செய்யும். இஸட் புள்ளியோடு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருமகள் முதற் கட்டத்துக்குத் தோற்றியது 2023 ஜூனில். அப்போது வினாத்தாளில் 352 வினாக்கள். 44 வினாக்கள் கொண்ட எட்டுப் பகுதிகள். மொத்தம் எட்டு மணித்தியாலங்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 82 செக்கன். அந்நேரத்துக்குள் ஒரு நோயாளியின் கதையை வாசித்து, விளங்கி, விடை தெரிவு செய்ய வேண்டும்.

கைக்கு ஓர் இலக்கணம்

முதற் கட்ட வினாக்களில் குறைந்தது பத்து சதவீதம் ஒஸ்டியோபதிக்கே உரியவை. எம்.டி. மாணவர் யாரும் படிக்காத பகுதி இதுதான். தமிழ் ஆசிரியனான என்னை ஈர்த்ததும் இப்பகுதியே. ஏனென்றால் இது ஏறக்குறைய இலக்கணம் மாதிரி.

தசை, மூட்டு, அவற்றைச் சூழ்ந்த இழையம் ஆகியவற்றின் இயக்கம் குன்றியிருப்பதை அவர்கள் ‘சோமாட்டிக் டிஸ்ஃபங்ஷன்’ என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளங்கள்: இழையத்தின் தன்மை மாறியிருத்தல், இரு பக்கமும் சமமின்மை, அசைவு தடைப்படல், தொட்டால் நோதல். கண்டுபிடித்த பின் அதற்குப் பெயரிட வேண்டும். பெயரிடும் விதி விநோதமானது. எந்தப் பக்கம் அசைய மறுக்கிறதோ அப்பக்கத்தின் பெயரை வைப்பதில்லை. எப்பக்கம் இலகுவாக அசைகிறதோ அதன் பெயரையே வைப்பார்கள். இடுப்பின் மூன்றாம் முள்ளெலும்பு பின்னே வளையும்போது சீராகி, முன்னே குனியும்போது கோணுகிறது. வலப்பக்கம் இலகுவாகத் திரும்புகிறது, வலப்பக்கமே இலகுவாகச் சரிகிறது என்றால், ‘பின்வளைந்தது, வலம் திரும்பியது, வலம் சரிந்தது’ என்பது அதன் பெயர். சிகிச்சையின்போது பெரும்பாலும் இதற்கு மறுபுறம், அதாவது தடை இருக்கும் பக்கம் கொண்டு போக வேண்டும். பெயரை மாறி விளங்கினால் சிகிச்சையும் மாறிவிடும்.

இப்பெயரிடலுக்கு அடிப்படை, ஹரிசன் ஃப்ரையெட் என்பவர் 1918இல் முன்வைத்த விதிகள். முதுகு நேராக இருக்கையில் பல முள்ளெலும்புகள் கூட்டாகப் பாதிக்கப்பட்டால், சரிவும் திருப்பமும் எதிரெதிர்ப் பக்கமாக நிகழும். குனிந்தோ பின்வளைந்தோ இருக்கையில் தனியொரு முள்ளெலும்பு பாதிக்கப்பட்டால் இரண்டும் ஒரே பக்கமாக நிகழும். நன்னூல் புணர்ச்சி விதி படிப்பிக்கும்போது நான் மாணவருக்குச் சொல்வதையே மருமகளுக்கும் சொன்னேன்: விதியை மனனம் செய், உடனே பத்து உதாரணத்தில் போட்டுப் பார். அவளுடைய வாப்பாவின் முதுகுதான் உதாரணப் பலகை ஆயிற்று. வேலை முடிந்து வந்து சோபாவில் குப்புறப் படுத்தாரென்றால் மகள் ஒவ்வொரு முள்ளெலும்பாக எண்ணத் தொடங்கிவிடுவாளாம்.

அடுத்தது உள்ளுறுப்புக்கும் முதுகுக்கும் உள்ள தொடர்பு. உள்ளுறுப்பு நோயுற்றால், அதற்கு நரம்பு வரும் மட்டத்தில் முதுகுத் தசையில் மாற்றம் தெரியலாம் என்பது கருத்து. இதயத்துக்கு நெஞ்சு முள்ளெலும்பு 1 முதல் 5 வரை, இரைப்பைக்கு 5 முதல் 9 வரை என ஓர் அட்டவணை உண்டு. சப்மன் புள்ளிகள் என்று இன்னொரு தொகுதி: குடல்வளரிக்கு உரியது வலப்பக்கப் பன்னிரண்டாம் விலா எலும்பின் நுனி. இவையெல்லாம் நினைவில் நிற்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அறிவியற் சான்று சமமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதற்கு ஆய்வுகள் உண்டு. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணசைவை விரலால் உணர்ந்து சிகிச்சை செய்வதாகக் கூறும் பகுதியை டி.ஓ. வைத்தியர்களிலேயே பலர் ஏற்பதில்லை. பட்டம் பெற்ற பின் கைச்சிகிச்சையே செய்யாத டி.ஓ.க்களும் நிறைய. பிறகு ஏன் படிக்கிறாய் என்று கேட்டேன். “பேப்பர்ல வருது மாமா” என்றாள் முதலில். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா நோயாளியத் தொட்டுப் பாக்கப் பயப்படாத ஆளா ஆக்கிட்டு” என்றாள்.

ஒரு வினாவை வாசிக்கும் முறை

வினாக்கள் பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை. மருமகள் சொன்ன மாதிரியில் ஓர் உதாரணம் அமைத்துப் பார்க்கிறேன். 58 வயது ஆண், புகைப்பவர். ஒரு மணித்தியாலமாக நெஞ்சில் அழுத்தம், வியர்வை. முதுகைத் தொட்டுப் பார்க்கையில் இடப்பக்கம் நெஞ்சு முள்ளெலும்பு 2 முதல் 4 வரை தசை சூடாகவும் ஊறியதுபோலவும் இருக்கிறது, தொட்டால் நோகிறது. அடுத்து உடனடியாகச் செய்ய வேண்டியது என்ன? விடைகளில் நான்கு வகைக் கைச்சிகிச்சைகள் வரிசையாக இருக்கும். ஐந்தாவது ஈ.சீ.ஜீ. சரியான விடை அந்த ஐந்தாவதுதான். முதுகில் கண்டது இதயத்தைச் சுட்டும் குறிப்பு. மாரடைப்பா என்று பார்க்காமல் முதுகை நீவிக் கொண்டிருந்தால் ஆள் மௌத்தாகிவிடுவார்.

இன்னொன்று: மூட்டுவாத நோயுள்ள பெண்ணுக்குக் கழுத்து வலி. எந்தச் சிகிச்சை கூடாது? கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது போன்ற விரைவுமுறை கூடாது. அந்நோயில் கழுத்தின் முதலிரு எலும்புகளைப் பிடித்திருக்கும் இணையங்கள் தளர்ந்திருக்கலாம். டவுண் சின்ட்ரோம் உள்ளவருக்கும் இதே எச்சரிக்கை.

இப்படியான வினாக்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கையை எங்கே வைப்பது என்று கற்பிப்பதைவிட, கையை எப்போது எடுப்பது என்பதில்தான் இப்பரீட்சை கண்டிப்பாக இருக்கிறது. மருந்தை மறுத்துத் தொடங்கிய ஒரு மரபு, பொது மருத்துவம் முழுவதையும் ஏற்று அதன் எல்லைக்குள் தன் கைமுறையைப் பொருத்திக் கொண்டதன் அடையாளம் அது. முறிவு வைத்தியமா என்று கேட்ட பெரியவருக்கு உரிய விடையும் அதற்குள் இருக்கிறது.

வாசிக்கும் முறையில் அகப்பாடல் படிப்பித்த அனுபவம் கொஞ்சம் கைகொடுத்தது. பாடலைக் கையில் எடுத்ததும் யார் கூற்று, யாரிடம், எந்தப் பொழுது என்று கேட்போம். வினாவிலும் அப்படியே: முதலில் கடைசி வரியை வாசித்து என்ன கேட்கிறார்கள் எனப் பார், பிறகு யார், என்ன வயது, எவ்வளவு காலமாக என்று பார், அதன் பின்னரே மற்ற விபரம். தேவையில்லாத விபரம் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருக்கும்.

ஆயத்தம்

வகுப்புகள் முடிந்து பரீட்சைக்கு முன் கிடைக்கும் ஆறு தொடக்கம் எட்டு வாரங்களே முழுநேர ஆயத்தக் காலம். ஆனால் அடித்தளம் அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் போடப்பட்டிருக்க வேண்டும். மருமகள் செய்தவை இவை.

நாளொன்றுக்கு 80 வினாக்கள், நேரம் வைத்துச் செய்தாள். யூவேர்ல்ட் பொது மருத்துவத்துக்கும், கொம்குவெஸ்ட், ட்ரூலேர்ன் ஆகியவை கொம்லெக்ஸ் பாணிக்கும் உரிய வினாவங்கிகள். இரண்டு மணித்தியாலம் வினா செய்தால் நான்கு மணித்தியாலம் விடை விளக்கம் வாசித்தாள். சரியாக வந்த வினாவின் விளக்கத்தையும் விடவில்லை. ஊகத்தில் சரி வந்திருக்கலாம் அல்லவா? பிழைத்தவற்றை ஒரு கொப்பியில் ஒற்றை வரியாக எழுதினாள்: தெரியாமல் பிழைத்ததா, அவசரத்தில் பிழைத்ததா, வினாவை விளங்காமல் பிழைத்ததா என்று. மறதியை வெல்ல ‘அன்கி’ என்னும் அட்டைச் செயலி. தெரிந்த அட்டை பல நாள் கழித்து வரும், தெரியாதது நாளைக்கே வரும். நம் மத்ரஸாக்களில் பழைய பாடத்தைத் தவணை வைத்து மீட்டும் முறையைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

பரீட்சைச் சபையே வெளியிடும் கொம்சே என்னும் முன்னோடிப் பரீட்சையும் உண்டு. அதில் குறித்த புள்ளி எடுக்காதவரைப் பல கல்லூரிகள் உண்மைப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை. அவ்வருட நோன்பு மார்ச் பிற்பகுதியில் தொடங்கியது. சஹருக்குப் பின் இரண்டு மணித்தியாலம் வினா செய்வதை அவள் அப்போது பழக்கமாக்கி, பெருநாளுக்குப் பின் முழுநேர ஆயத்தத்துக்குள் இறங்கினாள்.

முஸ்லிம் பெண் பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டிய விடயம் ஒன்றும் உண்டு. கைச்சிகிச்சை வகுப்பில் மாணவர்கள் ஒருவர் உடலில் மற்றவர் பழக வேண்டும். முதுகு தெரியும் உடையே அங்கு வழக்கம். மருமகளும் வேறிரு முஸ்லிம் மாணவிகளும் முதல் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் விடயத்தைச் சொன்னார்கள். பெண் துணையும், திரையிட்ட மூலையும், மெல்லிய நீளக்கை உடையோடு பழகும் அனுமதியும் கிடைத்தன. எல்லாக் கல்லூரியிலும் ஒரே ஒழுங்கு இருக்குமென்று எண்ண வேண்டாம். சேருமுன் எழுத்தில் கேட்பது நல்லது.

இரட்டைச் சுமை

இவ்வளவுக்கும் மேலாக, டி.ஓ. மாணவர் பலர் யூ.எஸ்.எம்.எல்.ஈ. பரீட்சையையும் எழுதுகிறார்கள். சட்டப்படி அவசியமில்லை, கொம்லெக்ஸ் போதும். முன்னர் இரு சாராருக்கும் தனித்தனியாக இருந்த வதிவிடப் பயிற்சி முறைகள் 2015க்கும் 2020க்கும் இடையில் ஒன்றாக்கப்பட்டன. இப்போது எம்.டி.யும் டி.ஓ.வும் ஒரே இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். தெரிவு செய்பவர் சிலருக்கு யூ.எஸ்.எம்.எல்.ஈ. புள்ளியே பழக்கம். அதனால் ஓரிரு வார இடைவெளியில் இரண்டு பெரிய பரீட்சைகள். ஒவ்வொன்றுக்கும் அறுநூறு டொலருக்கு மேல் கட்டணம். சமம் என்று சட்டம் சொன்ன பிறகும், சமம் என்று காட்ட இன்னொரு பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. கடன் எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சிறிய சுமையல்ல. மருமகள் இரண்டையும் எழுதினாள். அல்ஹம்துலில்லாஹ், இரண்டிலும் சித்தி.

நம் பெற்றோருக்கு

இலங்கையில் அல்லது வேறொரு நாட்டில் மருத்துவம் படித்தவர் கொம்லெக்ஸ் எழுத முடியாது. அது அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி மாணவருக்கு மாத்திரம் உரியது. வெளிநாட்டுப் பட்டதாரி அமெரிக்காவில் பணிபுரிய விரும்பினால் அவருக்குரிய வழி யூ.எஸ்.எம்.எல்.ஈ. ஆகவே “கொம்லெக்ஸுக்கு இங்கிருந்தே பழக்கிறோம்” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

டி.ஓ. கல்லூரியில் சேர்வதானால் பொதுவாக முதலில் அங்கே நான்கு வருடப் பட்டம் முடித்து, எம்கெட் என்னும் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். பிறகு மருத்துவம் நான்கு வருடம். அதன் பின் குறைந்தது மூன்று வருட வதிவிடப் பயிற்சி. வெளிநாட்டுப் பிரஜைகளைச் சேர்க்கும் கல்லூரிகள் சில, சேர்க்காதவையும் உண்டு. படித்துவிட்டு நாட்டுக்குத் திரும்பும் எண்ணமிருந்தால், இலங்கை மருத்துவ சபை அந்தக் கல்லூரியையும் பட்டத்தையும் ஏற்கிறதா என்று போகுமுன் எழுத்தில் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் இங்கு பதிவுபெற எழுதும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சைக்கு உரித்துண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். முகவர் சொல்லும் வாய்ப்பேச்சு பத்து வருடம் கழித்துக் கைகொடுக்காது. கையில் இருக்கும் கடிதம்தான் பேசும்.